பட்ஜெட் கார்பன் வீல் வாங்கலாமா? பெங்களூரில் ரோடு பைக் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் ‘பட்ஜெட்’ என்று சொல்வது ஒரு ஜோடி 40,000 முதல் 90,000 ரூபாய்க்குள் கிடைக்கும் கார்பன் இழை வீல்செட்டை. பெரும்பாலும் சீனத் தயாரிப்பு. வார நாட்களில் வெளிவட்டச் சாலையிலோ ஹெசரகட்டா பக்கமோ ஒரு மணி நேரம், ஞாயிறு விடிகாலையில் நந்தி மலை, எப்போதாவது சென்னை ஈசிஆரில் ஒரு நீண்ட ஓட்டம் என்று ஓட்டுகிறவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், வாங்கலாமா கூடாதா?

டிஸ்க் பிரேக் பைக், நல்ல டயர் ஏற்கெனவே போட்டாயிற்று, உட்காரும் நிலையும் சரி செய்தாயிற்று, மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் தொடர்ந்து ஓட்டுகிறீர்கள் என்றால் வாங்கலாம். நல்ல பொருள், பல வருடம் உழைக்கும். ரிம் பிரேக் (சக்கரத்தின் வெளி வளையமான ரிம்மையே கட்டை பிடித்து நிறுத்தும் வகை) பைக் என்றால் வேண்டாம். பைக்கோடு வந்த டயரிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் டயரை மாற்றுங்கள்.

டயரைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஆரம்ப விலை பைக்குகளில் வரும் கம்பி விளிம்பு டயரைக் கழற்றிவிட்டு கான்டினென்டல் ஜிபி5000 தரத்தில் ஒரு ஜோடி போட்டால், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் மிதிக்கும் சக்தியில் 10 வாட்டுக்கு மேல் மிச்சமாகும். அதே வேகத்தில் கார்பன் வீல் தருவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. விலையோ ஐந்து, ஆறு மடங்கு.

அப்படியானால் கார்பன் வீலால் உண்மையில் எவ்வளவு வேகம் கூடும்?

காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 50 மி.மீ. ஆழமுள்ள ரிம் (டயர் விளிம்பிலிருந்து ஸ்போக் வரையுள்ள உயரம்தான் ஆழம்), சாதாரண தட்டை ரிம்மைவிட 45 கி.மீ. வேகத்தில் 10 வாட் மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் அது மூன்றில் இரண்டின் மும்மடி, அதாவது சுமார் 3 வாட். நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒன்றரை நிமிடம் அளவில் குறையும். குழுவாக ஓட்டும்போது முன்னால் போகிறவரின் மறைவில் இருந்தால் அதுவும் சுருங்கும்.

பெங்களூருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. ஆழமான ரிம்மின் பலனும் அந்த அளவுக்குக் குறையும். ஈசிஆரின் சமதளத்தில்தான் இந்த வீல்கள் தங்கள் காசுக்கு வேலை செய்யும்.

முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்தி ஓட்டப் பழகினால் இதைவிடப் பல மடங்கு மிச்சம், செலவே இல்லை. அதற்கு முதுகும் தொடையும் ஒத்துழைக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் பழக வேண்டும். வீல் ஒரே நாளில் மாறிவிடும் என்பதால்தான் எல்லோர் கண்ணும் அங்கே போகிறது.

நந்தி மலை ஏற்றத்தில் எடை குறைவு உதவுமே?

உதவும், நினைக்கிற அளவுக்கு இல்லை. பைக்கோடு வந்த 1,900 கிராம் வீலை மாற்றி 1,500 கிராம் வீல் போடுகிறீர்கள். 400 கிராம் மிச்சம். ஏற்றம் 450 மீட்டர், உங்கள் சக்தி 200 வாட் என்றால், 400 கிராமை அந்த உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றல் சுமார் 1,770 ஜூல். அதை 200-ஆல் வகுத்தால் 9 விநாடி. ஏறவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் மலையில் 9 விநாடி.

‘சுழலும் எடை இரட்டிப்பாகக் கணக்கு’ என்று சொல்வார்கள். வேகம் எடுக்கும் கணத்தில் அது ஏறத்தாழ உண்மை. ஒரே சீராக ஏறும்போது ரிம்மில் உள்ள கிராமும் சட்டைப் பையில் உள்ள கிராமும் ஒன்றுதான். சிக்னலில் நின்று கிளம்பும்போது வீல் ‘துள்ளுவது’ போலத் தோன்றும் உணர்வு நிஜம், அது தரும் மகிழ்ச்சியும் நிஜம். நேரக் கணக்கில் மட்டும் அது பெரிதாகத் தெரியாது.

ரிம் பிரேக் பைக்குக்கு ஏன் இவ்வளவு திட்டவட்டமாக வேண்டாம் என்கிறீர்கள்?

83 கிலோ எடையோடு (ஆள், பைக், தண்ணீர்) 450 மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 3.6 லட்சம் ஜூல். ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். நந்தி போன்ற வளைவு நிறைந்த இறக்கத்தில் மீதி பிரேக் கட்டை வழியாக ரிம்முக்குப் போகும். அலுமினியம் அந்தச் சூட்டைச் சீக்கிரம் பரப்பி வெளியே விட்டுவிடும். கார்பனைப் பிணைக்கும் பிசின் அப்படியல்ல. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் அது இளகும். உள்ளே 80, 90 பிஎஸ்ஐ காற்று விளிம்பை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்க, விளிம்பு புடைக்கும், இல்லையென்றால் அடுக்குகள் பிரியும். விலை குறைந்த ரிம்களில் எந்தப் பிசின், எவ்வளவு சூடு தாங்கும் என்ற தகவல் பெரும்பாலும் கிடைக்காது.

மழையில் ஈரமான கார்பன் ரிம்மில் பிரேக் பிடிக்கத் தாமதமாவது தனிக் கதை. ஏற்கெனவே இப்படி ஒரு செட் உங்களிடம் இருந்தால் நான்கு விஷயம் கவனியுங்கள்: கார்பனுக்கென்றே உள்ள பிரேக் கட்டை மட்டும் போடுங்கள். அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையை இதில் மாட்டாதீர்கள், அதில் புதைந்திருக்கும் உலோகத் துகள் ரிம்மை அறுத்துவிடும். லேடெக்ஸ் டியூப் வேண்டாம். இறக்கத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து விட்டுவிடுங்கள்.

எத்தனை மி.மீ. ஆழம்?

பெங்களூருக்கு 40 முதல் 50. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும். தேவனஹள்ளிக்கு அப்பால் திறந்த வெளியில் லாரி கடந்துபோகும் கணத்தில் முன்வீல் பக்கவாட்டில் இழுபடும். 60 கிலோவுக்குக் குறைவான எடை உள்ளவர்கள் முன்னால் 40-ஐத் தாண்ட வேண்டாம். பின்வீல் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் திசையைத் திருப்பாது, அதனால் முன்னே 40, பின்னே 50 என்ற ஜோடி நல்ல தேர்வு.

ஆழத்தோடு அகலத்தையும் பாருங்கள். ரிம்மின் வெளி அகலம் டயரின் அளந்த அகலத்தைவிட 5 சதவீதமாவது கூடுதலாக இருந்தால்தான் காற்று சீராக ஒட்டி ஓடும். 28 மி.மீ. டயருக்கு வெளி அகலம் 29.5 அளவில் வேண்டும். 25 மி.மீ. வெளி அகலமுள்ள பழைய வடிவ ரிம்மில் 28 டயர் போட்டால், ஆழத்துக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

ஹூக்லெஸ் என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?

டயர் விளிம்பைப் பிடித்துக்கொள்ள ரிம்மின் உள்ளே சிறு கொக்கி போல ஒரு மடிப்பு இருக்கும். அது இல்லாத நேர்ச்சுவர் ரிம்தான் ஹூக்லெஸ். செய்வது எளிது, சுவரும் தடிமனாக இருப்பதால் அடி தாங்கும். கண்டிப்பு அதிகம்: அதிகபட்சக் காற்று 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. டயரின் பக்கவாட்டில் ஹூக்லெஸ்ஸுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஜிபி5000 வரிசையில் ‘எஸ் டிஆர்’ போடலாம், டியூப் போடும் சாதாரண ஜிபி5000 போடக்கூடாது. 25 மி.மீ. உள்ளகல ஹூக்லெஸ் ரிம்முக்கு இப்போதைய தர அளவுப்படி குறைந்தது 29 மி.மீ. டயர். 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜிய சைக்கிள் வீரர் தாமஸ் தெ கெண்ட் விழுந்தபோது, 25 உள்ளகல ரிம்மில் 28 டயர் இருந்தது. டயர் ரிம்மிலிருந்து கழன்றது. அதற்குப் பிறகுதான் இந்த அளவுகள் பரவலாகப் பேசப்பட்டன.

நம் ஊரில் இதை எங்கே தவறவிடுவோம் என்று யோசியுங்கள். கனகபுரா ரோட்டில் பஞ்சர். கையில் பம்ப் இல்லை. பக்கத்துப் பஞ்சர் கடையில் அடாப்டர் மாட்டி, மோட்டார் பைக்குக்கு அடிக்கும் கம்பிரசரில் ஒரு அழுத்து. இரண்டு நொடியில் 100 பிஎஸ்ஐ தாண்டிவிடும், மீட்டர் சரியாகக் காட்டும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஹூக் உள்ள ரிம் பெரும்பாலும் இதைத் தாங்கிக்கொள்ளும். ஹூக்லெஸ் ரிம்மிலிருந்து டயர் வெடித்து வெளியேறலாம். அதனால் எங்கள் பரிந்துரை ஹூக் உள்ள ரிம், உள்ளகலம் 21 முதல் 23. பட்ஜெட் விலையிலேயே நிறையக் கிடைக்கிறது.

நம்ம ரோட்டுப் பள்ளத்தைத் தாங்குமா?

இந்தக் கேள்வியில் பாதி பதில் உங்கள் காற்றழுத்தத்தில் இருக்கிறது. கார்பன் ரிம் பெரும்பாலும் உடைவது ஒரே விதத்தில்தான்: டயர் முழுக்க நசுங்கி, பள்ளத்தின் கூர் விளிம்பு நேராக ரிம்மின் உதட்டில் இடிக்கும். அலுமினியம் அப்போது நெளியும், தட்டி எடுத்து வீடு வந்து சேரலாம். கார்பன் நெளியாது. தாங்கும், அல்லது விரிசல் விடும்.

28 டயர், 70 கிலோ ஆள், 21 மி.மீ. உள்ளகலம் என்றால் முன்னே 60, பின்னே 64 பிஎஸ்ஐ-யில் தொடங்குங்கள். இரண்டு ஓட்டத்தில் ரிம் ‘டக்’கென்று இடிக்கும் சத்தம் ஒரு முறை கேட்டாலும் 4 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். பைக்கில் இடம் இருந்தால் 30 அல்லது 32 டயர் போடுங்கள், ரிம்முக்கு அதைவிட நல்ல காப்பு இல்லை. நிறம் தேய்ந்த வேகத்தடைகள் விடிகாலை இருட்டில் கண்ணில் படாது. முன்விளக்கை அணைக்காமல் ஓட்டுவதும் வீல் பராமரிப்பில் சேர்த்தி.

பலமாக இடித்துவிட்டதா? அன்றே டயரைக் கழற்றுங்கள். துணியால் ரிம்மைத் துடைத்து, இடித்த இடத்தில் விளிம்பின் உள்ளும் புறமும் நகத்தை ஓட்டுங்கள். பூச்சில் விழுந்த கீறலில் நகம் வழுக்கிப் போகும், விரிசலில் மாட்டும். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் ரிம்மைச் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். நல்ல இடத்தில் ‘டிக், டிக்’ என்று தெளிவாகக் கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் அமுங்கி, அட்டையைத் தட்டுவது போல வரும். ஸ்போக் துளையிலிருந்து நட்சத்திரம் போல மெல்லிய கோடு கிளம்பியிருந்தாலும் அந்த ரிம்மில் இனி ஏறாதீர்கள்.

ஹப், ஸ்போக், நிப்பிள்: எதைப் பார்த்து வாங்குவது?

வாங்குபவர்கள் எடையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது, ஒரு ஸ்போக் அறுந்தால் பெங்களூரிலேயே அதை யாராவது சரி செய்ய முடியுமா என்பதை. பட்ஜெட் வீலில் ரிம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆளைக் கைவிடுவது சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பும் உதிரிபாகமும்.

ஸ்போக்: சாப்பிம் சிஎக்ஸ்-ரே, பில்லர் போன்ற தனியே வாங்கக் கிடைக்கும் எஃகு ஸ்போக் உள்ளதை எடுங்கள். கார்பன் ஸ்போக் விறைப்பாகவும் எடை குறைவாகவும் இருக்கும், இப்போது பட்ஜெட் விலைக்கும் இறங்கிவிட்டது. ஆனால் அந்தந்த நிறுவனத்தின் சொந்த அளவு. அறுந்தால் சீனாவிலிருந்து கூரியர் வரும்வரை வீல் சுவரில் தொங்கும். எடுப்பதானால் வீலோடு சேர்த்தே முன்னுக்கு இரண்டு, பின்னுக்குப் பக்கத்துக்கு இரண்டு உதிரி ஸ்போக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் ரிம்முக்கு வெளியே தெரிய வேண்டும். உள்ளே மறைந்திருந்தால், சின்னக் கோட்டம் எடுக்கவும் டயர், சீலன்ட் (டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்கும் திரவம்), ரிம்மின் உள்ளே ஒட்டும் டேப் மூன்றையும் கழற்ற வேண்டும். பத்து நிமிட வேலை ஒன்றரை மணி நேரமாகிவிடும்.

ஹப்பில் பேரிங் எண்ணைக் கேளுங்கள். 6902 என்றால் 15, 28, 7 மி.மீ. அளவு. பேரிங் விற்கும் எந்தக் கடையிலும் எண்ணைச் சொல்லி வாங்கலாம். விற்பவரால் எண் சொல்ல முடியாவிட்டால் அந்த ஹப்புக்கு நாளை உதிரியும் கிடைக்காது. டிடி சுவிஸ் 350 ஹப் போட்ட செட் 10,000, 15,000 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுக்கச் சொல்வோம், எடை 100 கிராம் கூடினாலும்.

டி700, டி800 கார்பன் என்று எழுதியிருக்கிறதே?

அது இழையின் தரம். ரிம்மின் உறுதி, இழையை எந்தக் கோணத்தில் எத்தனை அடுக்கு வைத்தார்கள், எப்படி அழுத்தி வேகவைத்தார்கள் என்பதில் இருக்கிறது. ஐஎஸ்ஓ 4210 என்ற சைக்கிள் பாதுகாப்புத் தரத்தின் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

என் எடை 92 கிலோ. எனக்குச் சரிப்படுமா?

சரிப்படும். எழுதியிருக்கும் எடை வரம்பு ஆளுக்கு மட்டுமா, பைக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். 110 கிலோ மொத்த வரம்பு உங்களுக்கு விளிம்பில் நிற்கும், 120 வேண்டும். முன்னும் பின்னும் 24 ஸ்போக்குக்குக் குறையாமல், 30 மி.மீ. டயரோடு.

என் பைக்கில் பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆக்ஸில் (சக்கர அச்சு; விட்டம் × ஹப் அகலம், மி.மீ.): இன்றைய டிஸ்க் ரோடு பைக் பெரும்பாலும் முன்னே 12×100, பின்னே 12×142. பழைய டிஸ்க் பைக்கில் பின்னே குவிக் ரிலீஸ் 135 இருக்கலாம், அளந்து பாருங்கள்.

ஃப்ரீஹப் (பின்சக்கரத்தின் கியர் பல்சக்கரத் தொகுதியான கேசட்டை மாட்டும் உருளை): ஷிமானோ 11, 12 கியருக்கு எச்ஜி 11 பாடி. ஷ்ராம் 12-ல் 10 பல்லில் தொடங்கும் கேசட் என்றால் எக்ஸ்டிஆர் (XDR) பாடி. கிளாரிஸ், சோரா, டியாக்ரா போன்ற 8, 9, 10 கியர் கேசட்டை எச்ஜி 11 பாடியில் போடும்போது பின்னால் 1.85 மி.மீ. ஸ்பேசர் அவசியம். அதைப் போடாமல் மாட்டினால், பூட்டும் வளையமான லாக்ரிங் முழுக்க இறுகியும் கேசட் ஆடும்.

ரோட்டர் (டிஸ்க் பிரேக்கின் தட்டு): புது வீல்கள் பெரும்பாலும் நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர்லாக். உங்களுடையது 6 போல்ட் என்றால் அடாப்டர் வேண்டும். லாக்ரிங்கை இறுக்கும் அளவு 40 நியூட்டன் மீட்டர், கேசட்டுக்கும் அதே. வீல் மாற்றிய பிறகு ரோட்டர் உரசினால் பயப்பட வேண்டாம், காலிப்பரின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி மறுபடி நடுவில் நிறுத்தினால் போதும்.

வால்வு: 50 மி.மீ. ரிம்முக்கு 80 மி.மீ. வால்வு. பையில் பழைய 48 மி.மீ. உதிரி டியூப்பை வைத்துக்கொண்டு கிளம்புவது அடிக்கடி நடக்கும் தவறு. வழியில் பஞ்சரானால் அதில் காற்றே அடிக்க முடியாது.

சீனாவிலிருந்து நேரடியாக வரவழைக்கலாமா?

வரவழைக்கலாம். சீன இணையக் கடையான அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரிலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ இங்குள்ள இறக்குமதியாளரிடமோ வாங்குவார்கள். திரையில் தெரியும் விலையோடு சுங்க வரி, அதன் மேல் கூடுதல் வரி, ஜிஎஸ்டி, கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் எல்லாம் சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கூரியர் உங்கள் பெட்டியை எந்தத் தலைப்பில் வகைப்படுத்துகிறது என்பதைப் பொறுத்து மொத்த வரி வெகுவாக மாறும். ஆகவே வரி உட்பட வீட்டு வாசல் வரை ஒரே விலை சொல்லும் விற்பனையாளரைத் தேர்ந்தெடுங்கள். பொருளின் மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். சட்டப்படி தவறு, வழியில் உடைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

இங்குள்ள இறக்குமதியாளர் 8,000, 10,000 கூடக் கேட்டாலும், உத்தரவாதத்துக்கு உள்ளூரில் ஒரு ஆள் இருப்பது அந்தப் பணத்துக்குத் தகும்.

பெட்டி வந்துவிட்டது. பூட்டுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பெட்டியைப் பிரிப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். சமையலறைத் தராசில் இரண்டு வீலையும் தனித்தனியாக எடை போடுங்கள். சொன்னதைவிட 3 சதவீதம் வரை கூடினால் சாதாரணம்.

வீலைப் பைக்கில் மாட்டி, ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி அதன் முனை ரிம்மை உரசும்படி நறுக்குங்கள். மெல்லச் சுற்றினால் கோட்டம் தெரியும். அரை மி.மீ.க்கு மேல் ஆடினால் சரி செய்யச் சொல்லுங்கள். அடுத்து ஸ்போக்கை ஒவ்வொன்றாக விரலால் மீட்டுங்கள். ஒரே பக்கத்து ஸ்போக்குகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் இருக்க வேண்டும். கேசட் பக்கமும் முன்வீலின் ரோட்டர் பக்கமும் சுருதி உயர்ந்திருப்பது இயல்பு. ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. டென்ஷன் மீட்டர் உள்ள கடையில் அளந்தால் ஒரே பக்கத்துக்குள் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. முதல் 200 கி.மீ.க்குப் பிறகு இதை மறுபடி பாருங்கள், புது வீலில் ஸ்போக் அமர்ந்து சற்றுத் தளர்வது உண்டு.

உள்பக்க டேப்பில் ஸ்போக் துளைகளின் மேல் சுருக்கமோ குமிழோ இருந்தால் பிரித்து ஒட்டுங்கள். 21 மி.மீ. உள்ளகலத்துக்கு 23 முதல் 25 மி.மீ. டேப். டியூப்லெஸ் போட்டால் 28 டயருக்கு 30 முதல் 40 மி.லி. சீலன்ட். வெயில் மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

வீல் விலையைத் தாண்டி எவ்வளவு ஆகும்?

டயர் ஜோடி 8,000 முதல் 14,000. டேப், வால்வு, சீலன்ட் 2,500 அளவில். ரோட்டர், கேசட் பழையதைக் கழற்றிப் போடலாம், ஆனால் இன்னொரு ஜோடி வாங்கிவிட்டால் பழைய வீலை அப்படியே மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 55,000 ரூபாய் வீல் ஓடத் தயாராகும்போது 70,000-ஐத் தொடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பிராண்டின் ஸ்டிக்கர் ஒட்டிய வீல் பாதி விலைக்கு வருகிறதே?

போலி. தொடாதீர்கள். தன் பெயரை மறைப்பவர் உத்தரவாதம் தரப்போவதில்லை.

செகண்ட் ஹேண்ட்?

டிஸ்க் செட் என்றால், மேலே சொன்ன நகச் சோதனையையும் நாணயச் சோதனையையும் டயரைக் கழற்றிய நிலையில் செய்ய விற்பவர் சம்மதித்தால் வாங்கலாம். சம்மதிக்காவிட்டால் கிளம்பி வந்துவிடுங்கள்.

மழையில் ஓட்டிய பிறகு பின்ஹப்பில் சத்தம் மாறுகிறது. என்ன செய்ய?

ராட்செட் வகை ஹப் என்றால் கருவி எதுவும் வேண்டாம். வீலைக் கழற்றி, கேசட்டைக் கையால் பிடித்து நேராக வெளியே இழுங்கள், பாடியோடு வந்துவிடும். உள்ளே பல் வைத்த இரண்டு வளையமும் ஸ்பிரிங்கும் இருக்கும், கீழே உருண்டு போகாமல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். பழைய கிரீஸ் மண்ணோடு கலந்து சாம்பல் நிறக் களிம்பாக இருந்தால், சுத்தமாகத் துடைத்து, பற்களின் மேல் ராட்செட்டுக்கென்றே விற்கும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். சாதாரண பேரிங் கிரீஸை அள்ளி அப்பினால் ஸ்பிரிங் வளையத்தைத் தள்ள முடியாமல் பற்கள் முழுக்கக் கோர்க்காது. எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் திடீரென வெற்றாக இறங்கி ஆளைக் கவிழ்த்துவிடும். பூட்டிய பிறகு, பிரேக்கைப் பிடித்தபடி பெடலைக் கையால் பலமாக அழுத்திப் பாருங்கள். வழுக்காமல் நின்றால் ஓட்டலாம்.